இலங்கையிற் கைத்தொழிற் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையிலே படித்த இளைஞர் கைவேலையை இழிவாகக் கருதுகின்றனர். மேசையும் நாற்காலியும் உள்ள உத்தியோகத்தையே நாடுகின்றனர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் கல்வி ஊட்டிச் சென்ற மனப்பான்மையே இதற்குக் காரணம் என்னும் கூற்று நெடுங்காலமாக மேடைகளிலும் அறிக்கைகளிலும் ஒலித்து வருகின்றது. இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. எனினும், ஒரு நாட்டின் பல தலைமுறை இளைஞர் ஒரே வகையாக நடந்துகொள்வார்களாயின், அதற்குரிய காரணத்தை அவர்களது மனத்தில் மட்டும் தேடுதல் போதாது. அவர்கள் முன்னிருந்த தொழில்கள் எவை, அவற்றுக்குக் கிடைத்த ஊதியம் எத்தகையது, ஒரு தொழிலைக் கற்றவன் அதிலே எவ்வளவு தூரம் உயர முடிந்தது என்பனவும் ஆராயப்படல் வேண்டும். இலங்கையின் இளைஞர் கைத்தொழிலுக்கு ஆயத்தஞ் செய்யப்பட்ட வரலாற்றை இந்நோக்கில் அணுகுமிடத்து, வழமையான விளக்கத்தினின்றும் வேறுபட்ட முடிபொன்று புலப்படுகின்றது.

மரபுவழிப் பயிற்சி

ஐரோப்பியர் வருகைக்கு முன்னர் இந்நாட்டிலே கைத்தொழிற் பயிற்சிக்குத் தனியான நிறுவனங்கள் இருந்தில. பட்டறையே பாடசாலையாகவும் தந்தையே ஆசானாகவும் விளங்கினர். கண்டி இராச்சியத்தின் கம்மியர் வாழ்வை நேரிற் கண்டு ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி, 1908ஆம் ஆண்டில் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலிலே இம்முறையை விரிவாக எடுத்துரைத்துள்ளார். அங்கு சிறுவன் வளைகோடுகளை வரையப் பழகுவதிலிருந்து தொடங்கி, மூத்தோர் செய்யும் உண்மையான வேலையிலே சிறுபகுதிகளைத் தானுஞ் செய்து, படிப்படியாகத் தேர்ச்சி பெற்றான். கம்மியர் தமது சேவைக்கு ஈடாக மானிய நிலங்களை அனுபவித்தனர். ஆகவே, கற்பவனுக்கு நாளை என்ன வேலை கிடைக்கும் என்ற வினா எழுந்ததேயில்லை.

தமிழ்ப் பிரதேசங்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஏரும் வண்டியும் தேருஞ் செய்த தச்சரும் கொல்லரும், பாத்திரம் வார்த்த கன்னாரும், அணிகலன் செய்த தட்டாரும் குடும்பத்தின் உள்ளேயே தம் நுட்பத்தைக் கையளித்து வந்தனர். இம்மரபின் ஆற்றலுக்கு வல்வெட்டித்துறையின் கப்பற்றொழில் தக்க சான்றாகும். அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையை அடைந்தது. அக்கப்பலைக் கட்டியோர் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்றவரல்லர்.

எனினும், இம்முறையை இலட்சியமாகக் கொள்ளுதல் பொருந்தாது. தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. கொல்லனின் மகன் விரும்பினும் வேறொன்றாக முடியவில்லை. ஏனையோன் மகன் விரும்பினும் கொல்லனாக முடியவில்லை. தொழிலின் சமூகத் தகுதி சாதிப் படிநிலையினாலே தீர்மானிக்கப்பட்டது. ஆகவே, கைவேலையை இழிவாகக் கருதும் மனப்பான்மை முழுவதையும் ஆங்கிலேயரின் தலையிற் சுமத்துதல் வரலாற்றுக்கு முரணானதாகும். அவர்கள் வருமுன்னரே அதற்குரிய வித்து இம்மண்ணில் இருந்தது. அதே வேளையில், பயிற்சியும் வேலையும் ஒன்றாக இணைந்திருந்தமை மரபுமுறையின் பெரும்பலம் என்பதையும் மறுத்தற்கில்லை. பின்வந்த மாற்றங்கள் இவ்விணைப்பையே முதலிற் குலைத்தன.

ஆங்கிலேயர் ஆட்சியில்

1832ஆம் ஆண்டிலே இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தினின்றும் மக்கள் விடுபட்டமை பெரும் நன்மையேயாயினும், கம்மியரைப் பொறுத்தவரையில் அரச ஆதரவும் அதனோடு மறைந்தது. இறக்குமதியான துணியும் இரும்புப் பொருள்களும் அவர்களது சந்தையைச் சுருக்கின. மறுபுறத்தே, கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் புதுவகை இயந்திர வேலையைத் தோற்றுவித்தன. 1854ஆம் ஆண்டிலே ஜோன் வாக்கர் கண்டியில் நிறுவிய பொறியியற் கம்பனி தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்து கொடுத்தது. 1867ஆம் ஆண்டிலே கண்டியை அடைந்த புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டிலே காங்கேசன்துறை வரை நீண்டது. புகையிரத வேலைத்தளங்களும் கொழும்புத் துறைமுகமும் பொருத்துநர், வார்ப்பாளர், கொதிகலம் அமைப்போர் எனப் பலரை வேண்டிநின்றன. இவர்களிற் பெரும்பாலோர் பாடசாலையிற் கற்றவரல்லர். மேற்பார்வையாளனின் அருகில் நின்று கண்பார்த்துக் கைசெய்து பழகியோரேயாவர்.

பாடசாலைகளோ வேறு திசையிற் சென்றன. 1823ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியின் முடிவு இதனை நன்கு விளக்கும். விஞ்ஞானமும் கணிதமும் தமிழும் ஆங்கிலமும் உயர்தரத்திற் போதிக்கப்பட்ட அந்நிறுவனம் 1855ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. மாணவர் ஆங்கிலத்தின் வழியாக உத்தியோகம் பெறுதலையே நாடினர்; சமயப் பணிக்கு வந்தோர் குறைவு என்பதே மிசனின் மனக்குறையாயிருந்தது. இம்மாணவரைக் குறைகூறல் எளிது. ஆயினும் வரண்ட நிலமும் சிறு தோட்டங்களும் கொண்ட யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு அன்று திறந்திருந்த வழிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுதுவினைஞர் பதவி மாதச் சம்பளத்தையும் விடுமுறையையும் ஓய்வூதியத்தையும் அளித்தது. வேலைத்தளத்துத் தொழிலாளிக்கு நாட்கூலியே கிடைத்தது. நோயுற்ற நாளில் அதுவுமில்லை. கல்யாணச் சந்தையிலும் இவ்வேறுபாடு சீதனத் தொகையாகப் பிரதிபலித்தது. இந்நிலையில் ஆங்கிலத்தைத் தெரிந்தெடுத்தவன் தன் நலனை நன்கு கணித்தவனேயன்றி, மயக்கத்தில் ஆழ்ந்தவனல்லன்.

கைத்தொழிற் கல்விக்கு ஆட்சியாளர் அளித்த வடிவமும் ஈண்டு நோக்கற்பாலது. இங்கிலாந்திலே 1857ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் 'கைத்தொழிற் பாடசாலை' எனப்பட்டது, தெருவில் அலைந்த அநாதரவான சிறுவரை அடைத்துவைத்துத் திருத்தும் இடமாகும். அதே பெயரும் அதே கருத்தும் இலங்கையை வந்தடைந்தன. மக்கொனையிற் கத்தோலிக்கக் குருமார் நடத்திய கைத்தொழிற் பாடசாலை, சட்டத்துக்கு மாறாக நடந்த சிறுவரைத் திருத்தும் இல்லமாகவும் அமைந்தது. தச்சும் தையலும் அச்சுக்கோப்பும் அநாதைப் பிள்ளைகளுக்குரிய பாடங்களாயின. அத்தகைய இல்லங்கள் செய்த தொண்டு பெரிது. ஆனால், கைத்தொழிற் கல்வி என்பது வேறு போக்கற்ற பிள்ளைக்கு அளிக்கப்படும் தருமம் என்ற எண்ணமும் அவற்றோடு வேரூன்றியது.

1893ஆம் ஆண்டிலே கொழும்பு மருதானையில் அரசினர் தொழில்நுட்பப் பாடசாலை தோன்றியது. பின்னர் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர்பெற்ற இந்நிறுவனமே நாட்டின் பொறியியற் கல்விக்குத் தாயாகும். ஆயினும் அதன் முதன்மை நோக்கம் அரசாங்கப் பகுதிகளுக்கு வேண்டிய மேற்பார்வையாளரையும் நில அளவையாளரையும் பொறியியல் உதவியாளரையும் உருவாக்குவதேயாம். போதனா மொழி ஆங்கிலமாகையால், சுயமொழிப் பாடசாலைகளிற் கற்ற பெரும்பான்மையோருக்கு அதன் வாயில் அடைபட்டிருந்தது. காலப்போக்கில் சுருக்கெழுத்தும் கணக்குப்பதிவும் அங்கே இடம்பெற்றன. கைத்தொழிலுக்கென எழுந்த நிறுவனத்தினுள்ளேயே கந்தோர் புகுந்துகொண்டது.

மலையகத்தின் நிலை இன்னும் துயரமானது. தேயிலைத் தொழிற்சாலைகளே இந்நாட்டின் மிகப் பரந்த இயந்திரத் தொழிற்களங்களாயிருந்தன. 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்துச் சிறுவருக்குக் கல்வியளிக்குமாறு தோட்ட நிருவாகத்தை வேண்டியபோதும், கிடைத்தது எழுத்தும் எண்ணும் மட்டுமே. கொழுந்து பறித்த தாயின் பிள்ளை, அக்கொழுந்தை அரைத்த இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்வதற்கு முறையான வழி எதுவும் அமைக்கப்படவில்லை. இப்பிள்ளைகளின் வரலாற்றிலே கைவேலையை வெறுத்தமை என்ற குற்றச்சாட்டுக்கு இடமேயில்லை. அவர்களுக்குத் தேர்ச்சிதான் மறுக்கப்பட்டது.

இரண்டாந்தரக் கல்வி என்னும் ஐயம்

1930களிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸையில் தொடங்கப்பட்ட கிராமியக் கல்வித் திட்டம், கிராமத்துச் சூழலையும் தொழிலையும் பாடசாலையோடு இணைக்க முயன்றது. 1943ஆம் ஆண்டில் வெளிவந்த கன்னங்கராக் குழுவின் அறிக்கை ஏட்டுக்கல்வியின் ஆதிக்கத்தைக் கண்டித்ததோடு, ஆரம்பக் கல்விக்குப் பின்னர் பிள்ளைகளை மூவகைப் பாடசாலைகளாகப் பிரிக்குமாறு சிபாரிசு செய்தது. அவற்றுள் ஒன்று செயன்முறைப் பாடசாலையாகும். அவ்வறிக்கையிலிருந்து பிறந்த இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்து நாட்டின் முகத்தையே மாற்றியது. செயன்முறைப் பாடசாலை மட்டும் ஏட்டளவில் நின்றுவிட்டது.

இதற்குரிய காரணம் வெளிப்படை. ஆங்கிலக் கல்வியினால் ஒரு சிறு கூட்டத்தார் உயர்ந்ததைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட பெற்றோர், வாயில் தமக்கும் திறந்த வேளையில், தம் பிள்ளைகளை வேறு வாயிலாற் செல்லுமாறு கூறியதை ஐயத்தோடு நோக்கினர். செயன்முறைக் கல்வியின் சிறப்பைப் போற்றிப் பேசியோர் தம் பிள்ளைகளை அதற்கு அனுப்பவில்லை என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். உழைப்பின் மகத்துவம் பற்றிய உபதேசம் எக்காலத்தும் மேலிருந்து கீழ்நோக்கியே வழங்கப்பட்டு வந்தமை, அவ்வுபதேசத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டது.

வேலைத்தளத்தோடிணைந்த பயிற்சி

இவ்வாறு பாடசாலை வழித் திட்டங்கள் தளர்வுற்ற காலத்திலேயே வேறு சில முயற்சிகள் வெற்றி கண்டன. அவற்றின் பொதுப் பண்பு யாதெனில், பயிற்சி ஒரு குறித்த வேலைத்தளத்தோடு பிணைந்திருந்தமையாகும். புகையிரதப் பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு பொறியியற் பயிலுநராகச் சேர்ந்த பி. டி. ரம்பால 1949ஆம் ஆண்டிலே பிரதம இயந்திரப் பொறியியலாளரானார். அப்பதவியை வகித்த முதல் இலங்கையர் அவரே. 1955ஆம் ஆண்டிலே பொது முகாமையாளராகவும் உயர்ந்தார். 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியது அவரது காலத்திலேயாம். எல்லாப் பயிலுநரும் இவ்வாறு உயர்ந்தனர் என்பதற்கில்லை. ஆயினும் ஏணி ஒன்று அங்கே இருந்தது. அதன் உச்சி கண்ணுக்குத் தெரிந்தது.

இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958ஆம் ஆண்டில் தோன்றியபோது, பல கம்பனிகளிடமிருந்து பெறப்பட்ட பழைய பேருந்துகளைப் பேணும் பொறுப்பு அதன்மேல் விழுந்தது. இத்தேவையிலிருந்தே, மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் 1959ஆம் ஆண்டிலே வெரஹெரவில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் பிறந்தது. 1974ஆம் ஆண்டிலே மொறட்டுவைக்கு இடமாற்றப்பட்ட இந்நிலையம் நாளடைவில், இளைஞர் போட்டியிட்டு இடம்பெற விரும்பும் நிறுவனமாயிற்று.

இந்நிலையத்துக்குப் பின்னணியான ஜேர்மன் முறை சில சொற்களில் விளக்கத்தக்கது. அந்நாட்டிற் பயிலுநன் ஒரு தொழில் நிறுவனத்தோடு ஒப்பந்தஞ் செய்து, வாரத்தின் பெரும்பகுதியை அங்கே வேலையிற் கழிக்கின்றான். எஞ்சிய நாள்களிற் தொழிற் பாடசாலையிற் கற்கின்றான். பழைய தொழிற்கணங்களின் பயிலுநர் மரபும், 1900ஆம் ஆண்டையடுத்து மியூனிக் நகரிலே கேர்ஷென்ஸ்ரைனர் தொழில்வாரியாக அமைத்த தொடர்கல்விப் பாடசாலைகளும் இம்முறைக்கு அடித்தளமாயின. 1969ஆம் ஆண்டின் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான விதிகளை வகுத்தது. அங்கும் பெற்றோர் தம் பிள்ளையின் எதிர்காலத்தையே எண்ணினர். ஒப்பந்தமும் உதவிப்பணமும், தேர்ச்சியின் பின் நாடெங்கும் மதிக்கப்படும் சான்றிதழும் அவ்வெண்ணத்துக்கு விடையளித்தன.

1971உம் அதன் பின்னரும்

1971ஆம் ஆண்டு ஏப்ரலில் வெடித்த இளைஞர் கிளர்ச்சி, படித்தோர் வேலையின்மையை நாட்டின் தலையாய பிரச்சினையாக்கியது. அவ்வாண்டிலே தட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனக் குழு தனது அறிக்கையை வெளியிட்டது. வேலைகளின் பற்றாக்குறையோடு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்குமிடையிலான இடைவெளியையும் அது சுட்டிக்காட்டியது. அதே ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம், இளைஞரை அரச, தனியார் நிறுவனங்களிற் பயிலுநராக அமர்த்த வழிசெய்தது. அடுத்த ஆண்டிலே பாடசாலைகளிற் தொழில் முன்னிலைப் பாடங்கள் கட்டாயமாயின. உள்ளூர்த் தொழில்களான மட்பாண்டம், மரவேலை, மீன்பிடி, நெசவு முதலியன வகுப்பறைக்கு வந்தன.

ஒரே நெருக்கடிக்கு அளிக்கப்பட்ட இவ்விரு விடைகளின் விதி வேறுபட்டது. தொழில் முன்னிலைப் பாடங்களைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உபகரணங்களும் போதவில்லை. மீனவன் மகனுக்கு மீன்பிடியைக் கற்பிக்கும் பாடம், பிறப்பால் வந்த தொழிலிலேயே அவனை நிறுத்திவைக்கும் உபாயமோ என்ற ஐயமும் எழுந்தது. 1975ஆம் ஆண்டிலே முதன்முறையாக நடைபெற்ற புதிய தேசியச் சான்றிதழ்ப் பரீட்சை, 1977ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தையடுத்துக் கைவிடப்பட்டது. தொழில் முன்னிலைப் பாடங்களும் அதனோடு மறைந்தன. பயிலுநர் சட்டமோ நிலைத்துநின்று, பின்வந்த நிறுவனங்களுக்கு அடிப்படையாயிற்று. வேலைத்தளத்தைத் தழுவியது வாழ்ந்தது. வகுப்பறைக்குள் நின்றது மறைந்தது.

பிலிப் பொஸ்ரர் என்னும் சமூகவியலாளர், கானா நாட்டின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு 1965ஆம் ஆண்டிலேயே இத்தகைய முடிபை வெளியிட்டிருந்தார். பாடத்திட்டத்தை மாற்றுவதனால் மாணவரின் தொழில் விருப்பு மாறாது. ஊதியமும் உயர்வுமே அதனைத் தீர்மானிக்கின்றன என்பது அவரது வாதமாகும். 1976ஆம் ஆண்டில் ரொனால்ட் டோர் எழுதிய 'சான்றிதழ் நோய்' என்னும் பொருள்பட்ட நூலிலும் இலங்கை முக்கிய உதாரணமாக இடம்பெற்றது. தமிழ் மாணவரைப் பொறுத்தமட்டில், 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கிய போதும் அவ்வாயிலை நோக்கிய போட்டி தளரவில்லை. ஏனெனில், அதற்கு ஈடான வேறு வழி அமைத்துக் கொடுக்கப்படவில்லை.

பொஸ்ரரின் வாதத்துக்கு இலங்கையிற் கிடைத்த வலுவான சான்று மத்திய கிழக்கிலிருந்து வந்தது. 1970களின் பிற்பகுதியில் எண்ணெய் வள நாடுகளிற் கட்டட வேலைகள் பெருகியபோது, ஒட்டுவேலை செய்வோரும் மின்னிணைப்பாளரும் குழாய் பொருத்துவோரும் அங்கு சென்றனர். உள்ளூர் எழுதுவினைஞரை விஞ்சிய வருமானத்தை அவர்கள் ஊருக்கு அனுப்பினர். அதுவரை கைவேலையை வெறுத்ததாகக் கூறப்பட்ட சமூகத்திலே தொழிற்பயிற்சிக்கு ஆர்வம் பெருகியது. மனப்பான்மையைத் திருத்த எவரும் மேடையேற வேண்டியிருக்கவில்லை.

1978ஆம் ஆண்டிலே கட்டுநாயக்காவிற் தோன்றிய சுதந்திர வர்த்தக வலயம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கு ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் தையற் தொழிற்சாலைகளிலே வேலை பெற்றனர். ஆனால், ஆடையின் ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்பத் தைப்பவள் முழு ஆடையை அமைக்கும் தொழிலைக் கற்றவளாகாள். தொழிற்சாலை பெருகுவதனால் மட்டும் தேர்ந்த தொழிலாளர் உருவாவதில்லை என்பது இதனாற் பெறப்படுகின்றது.

அண்மைக்கால அமைப்புகள்

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தொழிற்கல்விக்கென ஓர் ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. 1995ஆம் ஆண்டிலே தொழிற்பயிற்சி அதிகாரசபைக்குரிய சட்டம் நிறைவேறியது. 2004ஆம் ஆண்டிலே தேசிய தொழிற்றகைமை முறை ஏழு படிகளாக வகுக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் தொழிற்றொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாகி, அவ்வேணியின் உச்சிக்குப் பட்டத்தை வைத்தது. ஒட்டுவேலை கற்கத் தொடங்கியவன் பட்டதாரியாகவும் முடியும் என்ற வாய்ப்பு முதன்முறையாகச் சட்டத்தில் எழுதப்பட்டமை முக்கியமான திருப்பமாகும். 2013ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

வடக்கில் இம்மாற்றங்கள் வேறொரு சூழலில் வந்தடைந்தன. 1950ஆம் ஆண்டு முதல் காங்கேசன்துறையில் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, பொருத்துநரும் மின்னிணைப்பாளரும் தொழில் பழகிய களமாயிருந்தது. அது 1990ஆம் ஆண்டுடன் போரினால் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அழிந்தது. புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைய 2014ஆம் ஆண்டாயிற்று. ஆலைகளோடு அவற்றிலே வேலை பழக்கிய மூத்த தொழிலாளரின் தலைமுறையும் கலைந்துபோனமையே பெரிய இழப்பு எனலாம். 2016ஆம் ஆண்டிலே கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. போரிலே பெற்றோரையும் படிப்பையும் இழந்த இளைஞருக்கு இத்தகைய நிறுவனம் மிக வேண்டியதே. ஆனால், பயின்றவனை ஏற்கும் ஆலைகள் அயலிற் பெருகாதவரையில், அவன் பெறும் சான்றிதழ் கடவுச்சீட்டுக்குத் துணையாகவே பயன்படும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. இந்நாட்டு இளைஞர் கைத்தொழிலை ஒதுக்கிய காலங்களில், அத்தொழில் நிலையான ஊதியத்தையும் மதிப்பையும் உயர்வையும் அளிக்கவில்லை. அவை கிடைத்த இடங்களில் அவர்கள் தயங்காது சென்றனர். அநாதைக்கும் பின்தங்கியவனுக்கும் உரியதெனக் குறிக்கப்பட்ட கல்வியை எந்தப் பெற்றோரும் விரும்பி ஏற்கவில்லை. சாதி வழிவந்த இழிவுணர்ச்சி இவற்றோடு சேர்ந்து தடையாக நின்றது உண்மையே. ஆயினும் ஊதியம் உயர்ந்தவிடத்து அவ்வுணர்ச்சியும் தளர்ந்தமையை வரலாறு காட்டுகின்றது.

ஆகவே, இளைஞரின் மனப்பான்மையைத் திருத்துவதே முதற்பணி எனக் கொள்ளுவது காரியத்தைக் காரணமாக மயங்குவதாகும். பயிற்சியை வேலைத்தளத்தோடு பிணைத்தல், பயிலுங் காலத்தில் வாழ்வுக்குப் போதிய உதவிப்பணம் வழங்கல், தேர்ந்தவன் மேலும் கற்று உயர வழி திறந்துவைத்தல், பயின்றவரை ஏற்கும் உற்பத்தித் துறையை அவர்கள் வாழும் பிரதேசத்திலேயே வளர்த்தல் ஆகிய நான்கும் ஒருங்கே நிறைவேறல் வேண்டும். மரபுவழிப் பட்டறையிலே பயிற்சியும் பிழைப்பும் ஒன்றாயிருந்தன. அங்கு இல்லாதிருந்தது, தொழிலைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரம். அச்சுதந்திரத்தை இழக்காமலே அவ்விணைப்பை மீண்டும் ஏற்படுத்துதல் கல்வித் திட்டம் வகுப்போரின் கடமையாகும்.